மருமகளின் சூப்பும் என் மூச்சும்

என் பிழைப்பே சந்தேகப்படுவதுதான். லாபு பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பல வருடம் ஜாகாவாக, அதாவது இரவுக் காவல்காரனாக இருந்தேன். கோப்பையில் உறைந்த ரப்பர் பாலான கட்டிப்பாலைத் திருட வருகிறவன் வேற்றூர்க்காரனாக இருக்க மாட்டான். பகலில் நம்மிடமே பீடி கேட்டு வாங்கிக் குடித்தவனாகத்தான் இருப்பான். அதனால் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால், இவன் எதற்குச் சிரிக்கிறான் என்றுதான் முதலில் யோசிப்பேன். இந்தப் புத்தியுள்ளவன் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தால் எப்படி இருக்கும்? டாக்டர், நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரர், தண்ணீர் ஜாடி என்று ஒன்றையும் நான் விட்டுவைக்கவில்லை. எல்லோரையும்விட அதிகமாகச் சந்தேகப்பட்டது என் மருமகள் ஸ்டெல்லாவை.

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுத உட்காரவில்லை. அந்த நேரத்தில் என் கண்ணில் பட்டதை வைத்துப் பார்த்தால் வேறு யாரையும் சந்தேகப்பட்டிருக்க முடியாது. எனக்கு வந்த மாதிரி மூச்சை அடைக்கும் வியாதி வேறு யாருக்காவது வந்தால், எங்கெல்லாம் தேட வேண்டும் என்று தெரிந்திருக்கட்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் அது ஆரம்பித்தது. என் வேலை ராத்திரியில். தோட்டத்து ஸ்டோருக்கும் புகைவீட்டுக்கும் நடுவே இருந்த காவல் கொட்டகையில் இருப்பேன். புகைவீடு என்றால் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகையில் காயவைக்கிற இடம். விடிந்ததும் தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீட்டுக்கு வந்து, இருப்பதைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் மத்தியானம் தாண்டித்தான் எழுந்திருப்பேன். சாயங்காலம் வேலைக்குக் கிளம்ப பெல்ட்டைக் கட்டும்போது குளிரும். பிறகு காய்ச்சல் ஏறும். நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கினாற்போல இருக்கும், வறட்டு இருமல் வரும். விடிவதற்குள் தானாகவே இறங்கிவிடும். மறுநாள் சாயங்காலம் திரும்பவும் வரும்.

வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் கேலி செய்தார். “என்னா சன்னாசி, வேலைக்குப் போற நேரம் பாத்து காய்ச்சல் வருது? ஸ்கூல் பையன் மாதிரி லா!”

தோட்டத்து கிளினிக்கில் இருந்த டிரஸ்ஸர் எல்லோருக்கும் கொடுக்கும் அதே வெள்ளை மாத்திரையையும் இருமல் மருந்தையும் எனக்கும் கொடுத்தார். எனக்கு வேறு சந்தேகம் இருந்தது. அதற்கு முந்தின மாதம்தான் கட்டிப்பால் மூட்டையோடு இரண்டு பேரைப் பிடித்துத் தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணியிடம் ஒப்படைத்திருந்தேன். அவர்கள்தான் எங்கேயோ போய்ச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று நம்பினேன். கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டிக்கொண்டேன். கயிறு கட்டிய அன்று சாயங்காலம் காய்ச்சல் வழக்கத்தைவிட நன்றாகவே அடித்தது.

ஒரு நாள் கொட்டகைக்கு நடக்கும்போது பாதி வழியில் மூச்சு நின்றுபோகிற மாதிரி ஆனது. தோட்டத்து வேனில் ஏற்றி சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சட்டை பெல்ட்டோடு போனவன், கையில் ஒன்றையும் எடுத்துப் போகவில்லை. நீள பெஞ்சில் நம்பர் சீட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவனை முன்னால் கூப்பிட்டார்கள். யாரைத் தெரிந்துவைத்திருக்கிறான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அவன் காலில் எலும்பு வெளியே தெரிவதைக் கவனித்தேன்.

எக்ஸ்ரே படத்தில் என் நுரையீரல் இரண்டிலும் வெள்ளை வெள்ளையாகப் புகை படிந்தாற்போல இருந்தது. காசநோயாக இருக்குமோ என்று எனக்கு முகமூடி போட்டு ஓரத்துக் கட்டிலில் படுக்கவைத்து, சளியைப் பல தடவை வாங்கிப் பார்த்தார்கள். காசம் இல்லை என்று வந்தது. சாதாரண நிமோனியா, அதாவது கிருமியால் நுரையீரலில் சளி கட்டுவது, என்று சொல்லி ஊசி போட்டார்கள். சில நாளிலேயே சுகமாகி வீட்டுக்கு வந்துவிட்டேன். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் பில்லும் பெரிதாக வரவில்லை. இவ்வளவு மருந்தைச் சும்மா எதற்குக் கொடுக்கிறார்கள், என்னை வைத்து ஏதாவது சோதிக்கிறார்களா என்று அதிலும் எனக்கொரு கவலை.

இந்த இடத்தில் ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் ஒரே மகன் குணா செனாவாங்கில் ஒரு எலக்ட்ரானிக் பேக்டரியில் வேலை பார்த்தான். ஸ்டெல்லாவும் அங்கேதான். பெடாஸ் பக்கத்துத் தோட்டத்துப் பெண், ஏசுவைக் கும்பிடும் வேதக்காரக் குடும்பம். கல்யாணம் வேண்டாம் என்று சொன்னேன். குணா கேட்கவில்லை. கல்யாணத்துக்கு நான் போகவில்லை. என் மனைவி அஞ்சலை அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். இருந்திருந்தால் அவள் போயிருப்பாள், என்னையும் இழுத்துப் போயிருப்பாள். குணாவும் ஸ்டெல்லாவும் செனாவாங்கில் வாடகை வீட்டில் இருந்தார்கள். எனக்கும் அவர்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த செய்தி கேட்டு அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மோட்டாரில் வந்தார்கள். ஸ்டெல்லா முதல் தடவையாக என் வீட்டுக்குள் வந்தாள். நல்லமிளகு தட்டிப்போட்டு நாட்டுக்கோழி சூப்பு கொண்டுவந்திருந்தாள்.

“சூடா இருக்கும்போதே குடிங்க மாமா” என்றாள்.

முகத்தைத் திருப்பிக்கொண்டே குடித்தேன். குடித்துவிட்டுப் படுத்தேன். சாயங்காலம் குளிர், காய்ச்சல், மூச்சடைப்பு எல்லாம் வந்தன. ஆஸ்பத்திரியில் ஒரு நாளும் வராதது இவள் சூப்பு குடித்த அன்றே வருகிறது. நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே வார்டு, வேறு கட்டில். இந்தத் தடவையும் சில நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் தூக்கம் வரவில்லை. அங்கே கொடுத்த தலையணைக்கு மேல் பிளாஸ்டிக் உறை. தலையை வைத்தால் வேர்த்துக் கொட்டும். குணாவிடம் என் சொந்தத் தலையணையைக் கொண்டுவரச் சொன்னேன்.

அந்தத் தலையணை அஞ்சலை செய்தது. எங்கள் தோட்டத்து எல்லையில் பெரிய இலவ மரம் ஒன்று இருந்தது. காய் வெடித்து விழும் காலத்தில் அவள் பஞ்சைப் பொறுக்கிவந்து, விதை நீக்கி, கனமாக அடைத்து, வாயை நெருக்கமாகத் தைத்துக் கொடுத்தாள். அவள் போன பிறகு அதை விட்டு நான் படுத்ததில்லை. ராத்திரி கொட்டகைக்கு எடுத்துப் போவேன், காலையில் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். காவலில் தூங்குவேனா என்று கேட்காதீர்கள், முதுகுக்கு வைத்துக்கொள்வதற்குத்தான். கொட்டகைக் கூரை ஒழுகும். மழை நாளில் தலையணை நனைந்தால் புகைவீட்டுக்குள் கொண்டுபோய், ஷீட்டுகளுக்கு நடுவே மூங்கில் கழியில் போட்டுவிடுவேன். விடிவதற்குள் மொறுமொறுவென்று காய்ந்து, நல்ல புகை வாசத்தோடு இருக்கும். துணி, மெத்தை, மழையில் நனைந்த ஷூ எல்லாவற்றையும் எங்கள் ஜாகாமார் இப்படித்தான் காயவைப்போம். புகை பட்ட பொருளில் பூச்சி புழு அண்டாது என்பது எங்கள் கணக்கு.

குணாவுக்கு நைட் ஷிப்ட். அதனால் ஸ்டெல்லாதான் பேக்டரி வேலை முடிந்ததும் பஸ் பிடித்து வந்தாள். ஒரு கையில் சூப்புத் தூக்கு, இன்னொரு கையில் என் தலையணை. தலையணையைத் தட்டி என் தலைக்குக் கீழே வைத்தாள். பிறகு கட்டில் ஓரத்தில் நின்று கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். ஜெபம் என்றாள். என்ன ஜெபமோ, அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் காய்ச்சல் வந்துவிட்டது.

அடுத்த நாளும் வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. மறுபடி எக்ஸ்ரேயில் வெள்ளை படிந்தது.

என்னைப் பார்த்தவர் டாக்டர் உமையாள். சின்ன வயசுப் பெண், சிரம்பானில் வட்டிக்கடை வைத்திருந்த குடும்பம் என்று கேள்விப்பட்டேன். கொடுத்ததைவிட அதிகமாக வாங்குகிற வீட்டிலிருந்து வந்தவள் என்று அவளையும் ஒரு கண் வைத்திருந்தேன். அவள் என் இரத்தத்தையும் சளியையும் எடுத்தாள். பிறகு மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை நுரையீரல்வரை விட்டு, கொஞ்சம் உப்புத் தண்ணீர் ஊற்றி, அதையே திரும்ப உறிஞ்சி எடுத்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கழுவிப் பார்ப்பதாம். தொண்டையை மரக்கவைத்திருந்தார்கள் என்றாலும், தண்ணீரில் முங்கிச் சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். ஒரு நர்ஸ் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஓடிவிடாமல் இருக்கப் பிடிக்கிறாள் என்று அப்போது தோன்றியது. இப்போது நினைத்தால் அந்தப் பிடிதான் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது.

“கழுவின தண்ணில கிருமி ஒண்ணும் வளரலீங்க ஐயா” என்றாள் டாக்டர். “ஆனா கிருமிய எதிர்க்க வர்ற வெள்ளை அணு நெறைய இருக்கு.”

“கிருமி இல்லாட்டி அதுங்க எதுக்கு வருது?”

“அதான் எனக்கும் புரியல.”

டாக்டர் ஒருத்தர் புரியவில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. எதையோ மறைக்கிறாள் என்று முடிவு செய்தேன்.

சூப்பை நிறுத்திவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் லுக்குட்டில் மோட்டார் பட்டறை வைத்திருந்த ஆ செங் என்ற சீனர் படுத்திருந்தார். தோட்டத்து ஆட்களின் மோட்டாரைச் செய்து செய்து நல்ல தமிழ் பேசுவார். வீட்டிலிருந்து அவருக்கு யாரும் அதிகம் வருவதில்லை. ஸ்டெல்லா போனதும் தூக்கை அவர் பக்கம் தள்ளிவிடுவேன். அவருக்கு ஏதாவது ஆகட்டும், சாட்சி கிடைக்கும் என்று ஓரக்கண்ணால் கவனித்தேன். மனுஷன் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, “அடடா, செடாப் லா!” என்று மலாயில் ருசியைச் சொல்லி வயிற்றைத் தடவுவார். நாளுக்கு நாள் அவர் முகம் தெளிந்தது. என் முகம் வற்றியது. சில நாள் கழித்து ஸ்டெல்லா சின்னத் தூக்கை விட்டுப் பெரிய தூக்கில் கொண்டுவர ஆரம்பித்தாள். கொஞ்சமாகக் கொடுத்து வேலைக்காகவில்லை என்று அதிகமாகக் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் நான்தான் குடிப்பதில்லையே, அப்புறம் எப்படிக் காய்ச்சல் வருகிறது? அந்த ஜெபம்தான், கோயில் தீர்த்தம் மாதிரி எதையோ கட்டிலில் தெளிக்கிறாள் என்று கணக்கை மாற்றிக்கொண்டேன்.

பிறகுதான் எனக்குக் கெட்டியான சாட்சி கிடைத்தது. ஒரு சாயங்காலம் ஸ்டெல்லா தலையணையை முகர்ந்து பார்த்துவிட்டு, “உறை நாத்தம் அடிக்குது மாமா, தொவச்சுக் கொண்டாறேன்” என்று அதை எடுத்துப் போனாள். மறுநாள் ஓவர்டைம் என்று வரவில்லை. காய்ச்சலும் வரவில்லை. அடுத்த நாளும் அவள் வரவில்லை, அன்றும் காய்ச்சல் இல்லை. நெஞ்சு நிறைய மூச்சு விட்டேன். மூன்றாம் நாள் சூப்பும் சிரிப்புமாக வந்தாள். விடியற்காலையில் எனக்குக் கட்டில் ஆடுகிற மாதிரி குளிர் எடுத்தது.

ஒரு ஜாகாவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? டாக்டர் உமையாள் ரவுண்ட் வந்தபோது, கிட்டே வரச்சொல்லி ரகசியமாகச் சொன்னேன்.

“டாக்டர், போலீஸ் வேணாம். குடும்ப மானம் போயிரும். என் மருமகதான் எனக்கு ஏதோ செய்றா. அவ வந்தா காய்ச்சல் வருது, வராட்டி இல்ல. நான் கணக்கு வச்சிருக்கேன்.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நல்லா கவனிச்சிருக்கீங்க. மொதல்லேர்ந்து சொல்லுங்க. தோட்டத்துல எப்ப காய்ச்சல் வரும்?”

“சாயங்காலம். தூங்கி எந்திரிச்ச கொஞ்ச நேரத்துல.”

“இங்க?”

“விடியக்காலையில.”

“அங்க பகல்ல தூங்கறீங்க, சாயங்காலம் வருது. இங்க ராத்திரி தூங்கறீங்க, விடியக்காலையில வருது. உங்க காய்ச்சல் மருமகளவிட உங்க தூக்கத்துக்குப் பின்னாடிதானே சுத்துது?” கொஞ்சம் யோசித்தாள். “சரி, அவங்க என்னென்ன கொண்டு வர்றாங்க?”

“சூப்பு. அத நான் குடிக்கல, அவருதான் குடிக்கிறாரு.” ஆ செங்கைக் காட்டினேன். அவர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். “அப்புறம் துண்டு, ஜெபம். வேற ஒண்ணுமில்ல.”

“தலைக்குக் கீழ இருக்கறது?”

“அது என்னோடது டாக்டர்! என் சம்சாரம் செஞ்சது. புகைவீட்டுல காயப்போட்டது, அதுல ஒண்ணும் அண்டாது.”

டாக்டர் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். எத்தனை தடவை நனைந்தது, எப்படிக் காயவைத்தேன், எப்போதாவது பிரித்துப் பஞ்சு மாற்றினேனா என்று கேட்டாள். அஞ்சலை தைத்த தையலை நான் எதற்குப் பிரிக்கப்போகிறேன்?

“ஒரு பொறி வைப்போமா?” என்றாள். “மருமக தெனமும் வரட்டும், எப்பவும் போல எல்லாம் செய்யட்டும். தலையணை மட்டும் வெளிய போகட்டும். காய்ச்சல் வந்தா நீங்க சொன்னது சரி.”

எனக்குப் பிடித்துப்போயிற்று. திருடனைப் பிடிக்க நாங்கள் செய்வதும் இதுதான். ஒரு வழியை அடைத்துவிட்டு மற்றதைத் திறந்து வைப்போம். ஸ்டெல்லா வசமாக மாட்டப்போகிறாள் என்று தலையணையைக் கொடுத்துவிட்டேன்.

ஸ்டெல்லா தினமும் வந்தாள். சூப்பு கொண்டுவந்தாள், ஜெபம் செய்தாள், என் போர்வையை உதறினாள், கால்நகத்தைக்கூட வெட்டிவிட்டாள். நான் விடியற்காலையில் விழித்துக் குளிருக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. வரவேண்டும் என்றுகூட ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சாவதற்கும் தயார், என் கணக்குத் தப்பாகக் கூடாது.

தலையணையை வெளி வராந்தாவில் வைத்துப் பிரித்தார்கள். என்னை அருகில் விடவில்லை, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஓர் அட்டெண்டனும் ஸ்டெல்லாவும் மூக்கில் துணி கட்டியிருந்தார்கள். கத்தரிக்கோலைக் கையில் எடுத்த அட்டெண்டனை ஸ்டெல்லா தடுத்துவிட்டு, தையலை ஒவ்வொரு நூலாகப் பிரித்தாள். மேல் பக்கத்துப் பஞ்சு வெள்ளையாக, காய்ந்துதான் இருந்தது. நடுவில் கை விட்டபோது கறுத்த, பிசுபிசுத்த கட்டிகள் வந்தன. இத்தனை வருடம் அந்த அழுகலில்தான் முகம் வைத்துப் படுத்திருந்திருக்கிறேன். புகை மேலே மட்டும் காயவைத்து, உள் ஈரத்தைச் சூட்டோடு பொத்தி வைத்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அஞ்சலையைப் பிரித்துப் போட்டாற்போல இருந்தது.

டாக்டர் கொஞ்சம் பஞ்சைச் சோதிக்க அனுப்பினாள். பூஞ்சையும் இருந்தது, ஒரு வகைக் கிருமியும் கூட்டமாக இருந்தது. பிறகு என் கட்டிலில் உட்கார்ந்து விளக்கினாள்.

“இந்தக் கிருமி வளரும்போது அதோட மேல்தோல்லேர்ந்து குட்டிக் கொப்புளமா பிரிஞ்சு விழுந்துகிட்டே இருக்கும். சோப்பு நுரை மாதிரி, ஆனா கண்ணுக்குத் தெரியாது. கிருமி செத்தாலும் இந்தக் கொப்புளம் தூசியோட கெடக்கும். நீங்க தலைய வைக்கிறப்ப மூக்கு வழியா நுரையீரலுக்குப் போகுது.”

“செத்த கிருமியோட தோலுக்கு என்னா பலம் டாக்டர்?”

“பலம் அதுக்கில்ல, உங்க உடம்புக்குத்தான். நுரையீரல்ல காவல் அணுக்கள் இருக்கு. அது மேல சின்னக் கை மாதிரி சிலது நீட்டிகிட்டு இருக்கும். ரிசெப்டர்னு சொல்லுவோம். அதுக்குக் கண்ணு கெடையாது, தொட்டுப் பாத்துத்தான் ஆள் கண்டுபிடிக்கும். கிருமித் தோலு பட்ட உடனே மணி அடிச்சிரும். உள்ள கிருமி இருக்கா, வெறும் தோலான்னு அதுக்குத் தெரியாது.”

எனக்குக் கோபம் வந்தது. “அது என்னா காவலு? வேலியில திருடன் சட்ட தொங்குனா, நான் போய் உள்ள ஆள் இருக்கானான்னு பாப்பேன். சட்டையப் போட்டு அடிக்க மாட்டேன்.”

“சட்டைய மட்டும் அடிச்சா பரவால்லையே. சட்டையப் பாத்ததும் ஊரையே கூப்புடுது. வந்தவங்க திருடனத் தேடறேன்னு வீட்டையே ஒடைக்கறாங்க. உங்களுக்கு வந்த வீக்கம், நீர், காய்ச்சல் எல்லாம் அவங்க பண்ணினது. கிருமி பண்ணல.”

“அப்ப காவல் கெட்டுப்போச்சா?”

“இல்லீங்க. அது இல்லாட்டி நெஜக் கிருமி வந்தா தாங்க மாட்டீங்க. சிலருக்கு இந்தக் கை பழகிப்போய் சும்மா இருந்துரும். சிலருக்குத் தொடத் தொட இன்னும் உஷாராகும். ஏன்னு முழுசா இன்னும் யாருக்கும் தெரியல, இப்பதான் கண்டுபிடிச்சுகிட்டு இருக்காங்க. உங்களுது ரொம்ப உஷார்.”

அதைக் கேட்டுக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வீக்கத்தை அடக்கச் சின்ன மாத்திரை கொடுத்தாள். இனிமேல் புகைவீடு, ஈரக் கொட்டகை, பழைய பஞ்சு எதன் பக்கமும் போகக் கூடாது, போனால் நுரையீரல் தழும்பாகி இறுகிவிடும், அப்புறம் எந்த மாத்திரையும் பிடிக்காது என்றாள்.

அந்த வார்த்தையோடு என் வேலை போனது. ஜாகா வேலை இல்லை என்றால் லயத்து வீடும் இல்லை. கிராணி பார்க்க வந்து, பிஸ்கட் டின்னை வைத்துவிட்டு, அதைத்தான் சுற்றி வளைத்துச் சொன்னார். குணா எங்களோடு வந்து இருங்கள் என்றான். நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். எந்தப் பெண் எனக்கு விஷம் வைக்கிறாள் என்று டாக்டர்வரை சொன்னேனோ, அவள் வீட்டு அடுப்பில் வெந்ததை நான் எந்த முகத்தோடு சாப்பிடுவேன்? போகாவிட்டாலோ படுக்க இடமில்லை. தலையணை போய், வீடு போய், கடைசியில் அவள் வாசல் மட்டும்தான் மிச்சமா என்று மனம் கசந்தது.

ஆ செங் என் முதுகைத் தட்டினார். “சன்னாசி, நீ ஜாகா லா, ஆனா ஒண்ணும் தெரியாது. சூப்பு நான் குடிக்கிறது அந்தப் பொண்ணுக்கு மொதல்லயே தெரியும்.”

“யார் சொன்னா?”

“நான்தான். நன்றி சொல்லணும் இல்ல? அதுக்கப்புறம்தான் பெரிய தூக்கு.”

அன்று சாயங்காலம் ஸ்டெல்லா வந்ததும் கேட்டேன்.

“நான் குடிக்கலன்னு தெரியுமா ஒனக்கு?”

“தெரியும் மாமா.”

“ஏன் குடிக்கலன்னு?”

தூக்கின் மூடியைத் திறந்துகொண்டே சொன்னாள். “அதுவும் தெரியும். ஜெபம் பண்றப்ப நீங்க என் ஒதட்டையும் கையையுமே பாப்பீங்க.”

“அப்புறம் எதுக்குக் கொண்டாந்த?”

“நீங்க குடிக்காட்டி இவரு குடிக்கிறாரு. என்னைக்காவது உங்களுக்குப் பசிச்சா இங்க இருக்கணும் இல்ல? அதான் ரெண்டு பேருக்கா கொண்டாந்தேன்.”

அவள் கிண்ணத்தில் ஊற்றி, முதலில் தான் ஒரு வாய் குடித்தாள். பிறகு கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். கோபமாகவும் செய்யவில்லை, குத்திக்காட்டவும் இல்லை, உப்புப் பார்ப்பதுபோல் செய்தாள். வெட்கமாக இருந்தது. இருந்தாலும் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன். மிளகு கொஞ்சம் தூக்கல். ஆ செங் அந்தப் பக்கத்திலிருந்து, “எனக்கும் வை லா” என்று கத்தினார்.

டிஸ்சார்ஜ் ஆகி செனாவாங் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் எனக்குக் கட்டில் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். கட்டிலில் புதுத் தலையணை ஒன்று இருந்தது. அஞ்சலை தைத்த பழைய உறையைத் துவைத்து, கொதிநீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு, அதையே தைத்திருந்தாள். உள்ளே பஞ்சில்லை, துவைத்த பழைய சட்டைகளை மடித்து அடுக்கியிருந்தாள். ஒரு பக்கத்து வாயைத் தைக்காமல் விட்டு, வரிசையாகப் பொத்தான் வைத்திருந்தாள்.

“எதுக்கு பட்டன்?” என்று கேட்டேன்.

“மாசா மாசம் தொவைக்கணும்னு டாக்டர் சொன்னாங்க.” தலையணையைத் தட்டி வைத்தாள். “அப்புறம், உங்களுக்கு எப்ப சந்தேகம் வந்தாலும் தெறந்து பாத்துக்கலாம் மாமா.”

அதில் தலை வைத்துப் படுத்தேன். காய்ச்சல் வரவில்லை, அதற்குப் பிறகு இன்றுவரை வரவில்லை. அந்தப் பொத்தான்களை நானாக ஒரு தடவைகூடக் கழற்றியதில்லை என்று எழுதத்தான் ஆசை. இரண்டு தடவை கழற்றிப் பார்த்தேன். இரண்டாவது தடவை பார்த்தபோது ஸ்டெல்லா பின்னால் வந்து நின்றிருக்கிறாள். நான் மறுபடி போடத் தெரியாமல் தடுமாறிய கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு, உலை கொதிக்கிறது என்று உள்ளே போனாள்.